பொன்னேடு எந்த வெள்ளாமையில் வந்தது?

நீடாமங்கலத்தில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிறது. வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்று பெயர் பூண்டு, மூன்று வழி நடந்து, கழனிகளுக்குள் புகுகிறது. மூணாறு தலைப்பு என்பர் அவ்விடத்தை. வந்து சேருவது ஒரே தண்ணீர். ஆனால் எந்த மதகு எவ்வளவு திறக்கப்படுகிறதோ, அதைப் பொறுத்தே எந்த வயல் நனையும், எந்த வயல் காயும் என்பது முடிவாகிறது.

வரலாறும் அத்தகைய தண்ணீர்தான். மதகைத் திறப்பவன் கை எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கம் அது பாய்கிறது.

இந்த எண்ணம் நமக்கு எழக் காரணமாயிருந்தது அண்மையில் அவ்வூர்ப் படிப்பகம் ஒன்றிலே கேட்ட சொற்பொழிவு. கடல் கடந்து வந்த ஐரோப்பியரும் தஞ்சைத் தரணியும் முதன்முதல் சந்தித்த காலத்துச் சின்னங்கள் பற்றிய பேச்சு. சொல்வன்மை மிக்கவர் பேசினார். சொற்கள் அருவியாய்க் கொட்டின. "பொன்னிலே கடிதம் எழுதிய மன்னன் ஆண்ட மண் இது!" என்று அவர் முழங்கியபோது கூரை அதிரக் கைதட்டல். நாமும் தட்டினோம், மறைப்பானேன்?

கூட்டம் கலைந்தது. வாயிற்படியருகே, தோளில் துண்டும் காலில் சேறும் உலராத நிலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், எவரையும் குறிப்பாக நோக்காமல் கேட்டார்:

"அந்தப் பொன்னு எந்த வெள்ளாமையில வந்ததுங்க? குறுவையிலயா, சம்பாவுலயா?"

சிலர் சிரித்தனர். நாம் சிரிக்கவில்லை. சொற்பொழிவு முழுவதும் கேட்கப்படாத கேள்வி அது. பழம்பொருள்கள் பற்றி நம் நாட்டு ஏடுகளிலும் மேடைகளிலும், மேனாட்டுக் காட்சிச் சாலைகளிலும் வழங்கும் பேச்சு அனைத்தையும் உரைத்துப் பார்க்கத்தக்க உரைகல் அது. அந்த உரைகல்லிலே சில பொருள்களை உரைத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பொன்னேட்டையே எடுத்துக்கொள்வோம்.

ஆண்டு 1620. தஞ்சையிலே இரகுநாத நாயக்கர் ஆட்சி. டென்மார்க்கிலே நான்காம் கிறித்தியான் அரசன். அவனுக்கு இவர் விடுத்த மடல் பொன் தகட்டில் பொறிக்கப்பட்டது. எழுத்து தமிழ். கையொப்பம் தெலுங்கு. கோபன்ஹேகன் நகரிலுள்ள டென்மார்க் நாட்டு ஆவணக் காப்பகத்திற்குச் சென்று சேர்ந்த அம்மடல், தமிழ் எழுத்துத் தாங்கிய பொருள்களில் அரியது, அழகியது. தரங்கம்பாடியில் டேனியர் தங்கி வாணிபம் செய்ய வழிவகுத்த உடன்படிக்கைக் காலத்தது. இவ்வளவும் உண்மை. பேச்சாளர் இதில் ஒரு சொல்லும் பொய் புகலவில்லை.

ஆனால், அந்த மடல் பிறந்த கதையை அவர் பாதியிலே நிறுத்தினார். பெருமைக்குத் தேவையான பாதி அவர் மேடைக்கு வந்தது. மற்றப் பாதி கடலிலேயே மிதந்தது.

டேனியர் தஞ்சையை நாடிப் புறப்பட்டவர்களே அல்லர். 1618இல் கோபன்ஹேகனை விட்டுக் கிளம்பிய கப்பல்களின் குறிக்கோள் இலங்கை. கண்டி மன்னனின் தூதன் என்று கூறிக்கொண்டு ஒரு டச்சுக்காரன் டென்மார்க் அரசவையை அடைந்தான். இலங்கை வாணிபம் உங்களுக்கே என்று ஆசை காட்டினான். ஓவே கெட்டே என்னும் இளைஞன் தலைமையில் படை புறப்பட்டது. தலைவனுக்கு வயது இருபத்து நான்குகூட நிரம்பவில்லை. ஆசை காட்டியவன் வழியிலேயே மாண்டான். இலங்கை சேர்ந்தபோது, அவன் கூறியதற்கும் கண்டி மன்னன் கருத்துக்கும் தொடர்பில்லை என்பது தெரிந்தது. முன்னதாக அனுப்பப்பட்ட கப்பலோ காரைக்கால் கரையருகே போர்த்துகீசியர் தாக்குதலில் அழிந்தது. தப்பிப் பிழைத்த ரோலண்டு கிராப்பே, கரையேறித் தஞ்சை அரசவை சேர்ந்தான். அங்கே நடந்த பேச்சின் விளைவு, அந்த ஆண்டு நவம்பரில் கெட்டே செய்துகொண்ட உடன்படிக்கை; தரங்கம்பாடி; டேனியக் கோட்டை; பொன்னேடு!

ஏமாந்து வந்தவன், உடைந்த கப்பலிலிருந்து ஒதுங்கியவன், ஒதுங்கிய இடத்திலே உரிமை பெற்றான். இதை மேனாட்டு நூல்கள் 'துணிகரப் பயணம்' என்று எழுதுகின்றன. நம் மேடையோ 'மன்னனின் மாட்சி' என்று பேசுகிறது. இரண்டும் ஒரே பொருளின் இரண்டு மெருகு. மெருகைச் சுரண்டினால் தெரிவது என்ன? போர்த்துகீசியருக்கு எதிராக இன்னொரு வெள்ளையனை நிறுத்தி வைக்க விரும்பிய அரசு ஒருபுறம். மிளகுக்கு இடம் தேடித் தவித்த வாணிபக் கூட்டம் மறுபுறம். பேரம் படிந்தது. பேரத்திற்குப் பொன்முலாம் மட்டுமல்ல, பொன்னே பூசப்பட்டது.

பேரத்தில் கைமாறிய கடற்கரையில் மீனவர் வாழ்ந்தனர். வலை உலர்த்தும் மணலும், மரம் ஏற்றும் துறையும் அவர்களுடையவை. அவர்களைக் கேட்டது யார்? 1620இல் கேட்கவில்லை. 225 ஆண்டுகள் சென்று, 1845இல், டென்மார்க் தன் இந்தியக் குடியிருப்புகளை ஆங்கிலேயக் கம்பெனிக்குப் பன்னிரண்டரை இலட்ச ரூபாய்க்கு விற்றபோதும் கேட்கவில்லை. வாங்கியவன் பெயர் உண்டு, விற்றவன் பெயர் உண்டு, விலை உண்டு. விற்கப்பட்ட ஊரில் குடியிருந்தவன் பெயர்?

இனி, கடல் கடந்து வந்தோரின் ஏட்டைப் புரட்டுவோம்.

'கண்டுபிடித்தனர்' என்பது அவர்களுக்குப் பிடித்த சொல். 1498இல் வாஸ்கோ ட காமா இந்தியாவைக் கண்டுபிடித்தான் என்று நம் பிள்ளைகளே பள்ளியில் ஒப்புவித்தனர். யார் கண்ணுக்குத் தெரியாமல் இந்தியா ஒளிந்திருந்தது? எகிப்து நாட்டுச் செங்கடல் துறையான குசெயிர் அல் காதிமில் கிடைத்த பானை ஓட்டிலே, ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னர் தமிழ் எழுத்தில் 'பானை ஒறி' என்று கீறப்பட்டிருக்கிறது. முசிறித் துறையிலிருந்து எர்மபொல்லோன் என்னும் கப்பல் ஏற்றிச் சென்ற சரக்கின் கணக்கு, கி.பி. இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரசுத் தாளில் எழுதப்பட்டு வியன்னா நகரில் காக்கப்படுகிறது. போக்குவரவு அத்தனை பழமை! கோழிக்கோட்டில் காமா கரைக்கு அனுப்பிய ஆளை எதிர்கொண்டு பேசியவர்களே, அவன் மொழியறிந்த துனிசு நாட்டு முசுலிம்கள் இருவர். அவனுக்கு முன்பே அவனை அறிந்தவர் அங்கே காத்திருந்தனர். இதன் பெயர் கண்டுபிடிப்பாம்!

அந்த முதற் சந்திப்பிலே காமா சாமூதிரிக்கு எடுத்து வைத்த பரிசுப் பொருள்களைக் கேளுங்கள். கோடு போட்ட துணி பன்னிரண்டு, சிவப்புத் தலையணி நான்கு, தொப்பி ஆறு, பவழச் சரம் நான்கு, கைகழுவும் கிண்ணம் ஆறு, ஒரு பெட்டி சர்க்கரை, இரண்டு பீப்பாய் எண்ணெய், இரண்டு பீப்பாய் தேன். பார்த்த அதிகாரிகள் சிரித்தனர். மெக்காவிலிருந்து வரும் ஏழை வணிகனும் இதைவிட மேலாகத் தருவான் என்றனர். இதை எழுதி வைத்தவன் காமாவின் கூட்டத்தைச் சேர்ந்தவனே. தன் தலைவன் தலைகுனிந்ததை மறைக்காத அந்தக் கைக்கு நம் பாராட்டு. பின்னால் வந்தவர்கள் அந்தச் சிரிப்பை அழித்துவிட்டு, கொடியை மட்டும் வரைந்தார்கள். சிரிப்புக்கும் கொடிக்கும் இடையே ஒன்று இருந்தது. அதன் பெயர் பீரங்கி.

அவர்கள் இறங்கிய கரையெல்லாம் ஓர் அடையாளம் நட்டார்கள். போர்த்துகீசியன் கல்தூண் நட்டான். டச்சுக் கப்பல் தலைவன் டர்க் ஆர்டாக், தஞ்சைப் பொன்னேட்டுக்கு நான்கே ஆண்டு முன்னர், 1616இல், ஆத்திரேலியாவின் மேற்குக் கரையில் வெள்ளீயத் தட்டொன்றைத் தட்டையாக்கித் தன் பெயர் பொறித்துக் கம்பத்தில் அறைந்தான். சாப்பிடும் தட்டு! இன்று ஆம்சுடர்டாம் காட்சிச் சாலையின் அரும்பொருள். அந்தக் கரையிலே ஆயிரமாயிரம் ஆண்டுகளாகத் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்தவர்கள் கம்பம் நடவில்லை. தட்டில் பெயர் வெட்டவில்லை. ஆகவே அவர்கள் 'வரலாற்றுக்கு முந்தியவர்' ஆயினர். ஒரு தட்டு, வரலாற்றின் முதல் பக்கம் ஆயிற்று.

எழுதியவன் இருந்தான், எழுதாதவன் இல்லாதவனானான். இந்த அநீதியை வெள்ளையன் செய்தால் வெகுண்டு எழுகிறோம். வெகுளி நியாயமே. நம் வீட்டுக்குள் அதே அநீதி நடந்தால்?

அதைப் பார்க்க ஆனைமங்கலச் செப்பேடுகளிடம் செல்வோம்.

'லெய்டன் செப்பேடுகள்' என்று உலகம் அவற்றுக்குப் பெயரிட்டது. ஊரின் பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கொண்டுபோன இடத்தின் பெயரைச் சூட்டும் வழக்கப்படி! பெரிய தொகுதியில் இருபத்தொரு ஏடுகள். இராசேந்திர சோழனின் முத்திரை பொறித்த வளையத்தில் கோக்கப்பட்டவை. ஐந்து ஏடு வடமொழி, பதினாறு ஏடு தமிழ். சிறிய தொகுதி மூன்றேடு, முதற் குலோத்துங்கன் காலத்தது. நாகப்பட்டினத்திலே கடாரத்து அரசன் எடுப்பித்த சூடாமணி விகாரம் என்னும் புத்தப் பள்ளிக்கு, ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை இராசராச சோழன் விட்டுக் கொடுத்த செய்தி பெரிய தொகுதியில் இருக்கிறது. டச்சுக்காரர் 1658இல் நாகையைப் போர்த்துகீசியரிடமிருந்து பறித்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஃபுளோரென்டியுசு காம்பர் என்னும் பாதிரியார் வழியாக அச்செப்பேடுகள் ஆலந்து சென்றன. செப்பேடு கப்பலேறியது. விகாரத்தின் எஞ்சிய செங்கற் கோபுரமோ, 1867இல் ஆங்கில ஆட்சியின் ஒப்புதலுடன் ஏசு சபைப் பாதிரிகளால் இடித்துத் தள்ளப்பட்டது. ஏட்டைக் கொண்டுபோனவன் ஒரு வெள்ளையன். இடத்தைத் தரைமட்டமாக்கியவன் இன்னொரு வெள்ளையன்.

இந்தக் கொடுமையைக் கூறும்போது பேச்சாளர் குரல் தழுதழுத்தது. சைவ மன்னன் புத்தப் பள்ளிக்குக் கொடை தந்தான் என்று கூறியபோது குரல் நிமிர்ந்தது. இரண்டும் பொருத்தமே. மதவெறி தலைதூக்கும் போதெல்லாம் எடுத்துக் காட்டத்தக்க சான்று அந்தச் செப்பேடு, ஐயமில்லை.

ஆனால் முதியவரின் கேள்வி நம் செவியில் நிற்கிறதல்லவா? இங்கே அதற்கு விடை இருக்கிறது. செப்பேடே கூறுகிறது. தொண்ணூற்றேழு வேலிக்குச் சற்று மேற்பட்ட நிலம். அதன் வருவாய் 8,943 கலத்துக்கும் மேற்பட்ட நெல். நாழி வரையில் கணக்கு! எல்லையைக் காட்டப் பெண் யானையை நடத்திச் சென்றார்கள். சுற்றியிருந்த ஊரார் உடன் சென்றார்கள். அதிகாரிகள் பெயர் உண்டு. எழுதியவர் பெயர் உண்டு. செம்பிலே எழுத்து வெட்டிய காஞ்சிபுரத்துக் கைவினைஞர் பெயரும் உண்டு. உளி பிடித்தவனை மறக்காத அந்தப் பண்பைப் போற்றுகிறோம்.

எண்ணாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று கலம்! காவிரிக் கரைப் பிள்ளைகளுக்கு அது வெறும் எண் அன்று. நாற்றங்கால் விட்டு, சேறு கலக்கி, குனிந்த முதுகு நிமிராமல் நட்டு, களை பறித்து, அறுத்து, கட்டுச் சுமந்து, களத்தில் அடித்து, தூற்றி, மரக்காலால் அளந்து கொட்டிய நெல் அது. நட்டவள் யார்? அறுத்தவன் யார்? கலத்துக்குக் கணக்கிருக்கிறது, கைக்குக் கணக்கில்லை. யானை நடந்த தடத்திற்குப் பதிவிருக்கிறது. உழுதவன் நடந்த தடத்திற்குப் பதிவில்லை. ஈந்தவனுக்கும் ஏற்றவனுக்கும் ஏடு; விளைத்தவனுக்கு வெயில்!

பொன்னேட்டுப் பொன் எந்த வெள்ளாமையில் வந்தது என்ற கேள்விக்கு இப்போது விடை கூறலாம். இந்த வெள்ளாமையில்தான். தஞ்சை அரசுக்குத் தங்கச் சுரங்கம் கிடையாது, வயல்தான் சுரங்கம். ஒவ்வொரு குறுவையும் ஒவ்வொரு சம்பாவும் அரண்மனைக்குப் பொன்னாக மாறிச் சென்றன.

அந்த வயல் பொய்த்தபோது என்ன நடந்தது? அதைப் பேச்சாளர் தொடவே இல்லை. நாம் தொட்டே ஆகவேண்டும்.

இரகுநாதருக்குப் பின் அவர் மகன் விசயராகவ நாயக்கர் ஆண்ட காலம். பீசப்பூர்ப் படைகள் தஞ்சை நாட்டிற்குள் புகுந்தன. பயிர் அழிந்தது; பஞ்சம் பரவியது. பசித்தவர் கடற்கரை நோக்கி நடந்தனர். அங்கே டச்சுக் கம்பெனி காத்திருந்தது. மிளகு வாங்க மட்டுமல்ல, மனிதரை வாங்க! 1659 முதல் 1661 வரையிலான காலத்தில் எட்டாயிரம் முதல் பத்தாயிரம் மக்கள் நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளில் அடிமைகளாக வாங்கப்பட்டனர் என ஆய்வாளர் கணக்கிட்டிருக்கின்றனர். பெரும்பகுதியினர் இலங்கைக்கு. ஏனையோர் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும். தன்னை விற்றவர் உண்டு; தன் பிள்ளையை விற்றவர் உண்டு.

தஞ்சையிலிருந்து நாகை செல்லும் வழியிலே இருப்பது நீடாமங்கலம். அந்த வழியெங்கும் நடந்த கால்களை எண்ணிப் பாருங்கள், தோழர்களே. நெல் விளைந்த வரப்பின்மீது, நெல் விளைத்தவர்கள், ஒருபிடி நெல்லுக்காகத் தம்மையே விற்க நடந்தார்கள். கப்பலிலே சரக்காக ஏற்றப்பட்டார்கள்.

கோபன்ஹேகனிலே பொன்னேடு; ஆலந்து சென்றது செப்பேடு. அந்தப் பத்தாயிரம் பேரின் பொருள் எந்தக் காட்சிச் சாலையிலே? அவர்கள் கட்டியிருந்த கந்தலும், கையிலிருந்த மண்கலமும் எந்தக் கண்ணாடிப் பேழையிலே? இல்லை. கம்பெனிக் கணக்கு ஏட்டில் எண்ணாக இருக்கிறார்கள், அவ்வளவே. முதற் சந்திப்பின் சின்னங்கள் என்று பட்டியல் போடுவோர் யாராயினும், அந்த வெற்றிடத்தையும் ஒரு சின்னமாகச் சேர்க்காத வரையில், அந்தப் பட்டியல் முழுமை பெறாது என்று கூறுவோம்.

பெருமைப் பேச்சின் இன்னொரு விளையாட்டையும் பார்த்துவிடுவோம்.

நியூசிலாந்திலே ஒரு மணி. வெண்கலம், உடைந்தது, சிறிய மணி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வில்லியம் கொலென்சோ என்னும் பாதிரியார் அதைக் கண்டபோது, மாவோரிப் பெண்கள் அதைக் கவிழ்த்துப் பிடித்து உருளைக்கிழங்கு வேக வைத்துக்கொண்டிருந்தார்கள். அதன்மேல் இருந்தவை தமிழ் எழுத்துகள்! முகையதீன் என்று தொடங்கும் பெயருடையாரின் கப்பல் மணி என்பது பொருள். வெலிங்டன் நகரத்துத் தே பாப்பா காட்சிச் சாலையில் அது இருக்கிறது.

இதைக் கூறிவிட்டு நம் பேச்சாளர் முழங்கினார்: "ஐரோப்பியனுக்கு முன்னே நியூசிலாந்தைக் கண்டவன் தமிழன்!" மீண்டும் கைதட்டல்.

சான்று என்ன? மணி அங்கே கிடைத்தது என்பது சான்று. மணியைக் கொண்டுபோனவன் தமிழன் என்பதற்கு அது சான்றாகாது. கைவிடப்பட்ட கப்பல் நீரோட்டத்தில் ஒதுங்கியிருக்கலாம். வேறு நாட்டார் கப்பலிலே கைமாறிச் சென்றிருக்கலாம். மணி வார்த்த காலமே உறுதிப்படவில்லை. வெள்ளையன் ஒரு தட்டை அறைந்துவிட்டு 'கண்டுபிடித்தேன்' என்றால் நகைக்கும் நாம், ஒரு மணியைக் காட்டி அதே கூற்றைக் கூறலாமா? வேதத்திலே விமானம் பறந்தது என்போரை நோக்கிச் சான்று கேட்கும் நாம், நம் பெருமை என்று வரும்போது சான்று கேட்கும் பழக்கத்தை வாயிற்படியில் கழற்றி வைப்பதா? பகுத்தறிவு, பகைவன் வீட்டைச் சோதிக்க மட்டும் பயன்படும் விளக்கன்று.

அந்த மணி உறுதியாகக் கூறுவதும் ஒன்று உண்டு. அதைத்தான் பேச்சாளர் கூறவில்லை. முகையதீன் என்ற பெயர், கடலோடிய தமிழ் முசுலிம்களின் உலகத்தை நமக்குக் காட்டுகிறது. தமிழிலே தன் கப்பலின் பெயரை வார்த்தெடுத்த கப்பல் உடைமையாளர் அவர். தமிழன் கடலோடினான் என்று மார்தட்டும் மேடை, கடலோடிய அந்த மரபினரைப் பெயர் சொல்லிப் போற்றத் தயங்குவானேன்? நியூசிலாந்தை வெல்லவேண்டா, நாகூரையும் அதிராம்பட்டினத்தையும் காயல்பட்டினத்தையும் நினைவு கொண்டால் போதும்.

'எல்லாவற்றையும் திரும்பக் கொண்டு வருவோம்' என்ற முழக்கத்தோடு பேச்சு முடிந்தது. அதுபற்றியும் ஒரு சொல்.

பறித்ததைத் திருப்பித் தருதல் அறம். 1486இல் போர்த்துகீசியர் ஆப்பிரிக்கக் கரையிலே, கேப் கிராசு என்னுமிடத்தில் நட்ட கல்தூணை 1893இல் செருமானியர் பெயர்த்துச் சென்றனர். அதை நமீபியாவிடம் திருப்பித் தருவதாக 2019இல் பெர்லின் காட்சிச் சாலை அறிவித்தது. தன்னை அடிமைப்படுத்த வந்தவன் நட்ட கல்லையே அந்நாடு கேட்டது. அந்தக் கல் தன் துன்பத்தின் சான்று என்பதால்! சிந்திக்கத்தக்க செய்தி. ஆனைமங்கலச் செப்பேடுகள் நம் மண்ணுக்கு உரியவை என்ற கோரிக்கையும் நியாயமானதே. பொன்னேட்டின் நிலை வேறு. அது பறிக்கப்பட்டதன்று, அரசன் அரசனுக்கு விடுத்த மடல். மடல் பெற்றவன் வீட்டிலே இருப்பது முறையே. இந்த வேறுபாட்டையும் உணர்ந்து பேசவேண்டும்.

கேட்பவன் கை, காக்கும் கையாகவும் இருக்கவேண்டும். தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்கு, 1715இல் அங்கேயே அச்சிட்டு நிறைவு செய்த தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் பிரதியொன்று தஞ்சைச் சரசுவதி மகாலில் இருந்தது. சுவார்ட்சுப் பாதிரியாரிடமிருந்து சரபோசி மன்னர் கைக்கு வந்த நூல் அது. 2005 அக்டோபரில் அது காணாமற் போயிற்று! கப்பலில் வந்த பறங்கியன் காலத்தில் அன்று. மின்விளக்கும் காவலும் இருந்த நம் காலத்தில். பதினேழு ஆண்டு சென்று, 2022இல், அது இலண்டனில் இருப்பதைக் கண்டறிந்ததாகத் தமிழ்நாட்டுச் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவினர் அறிவித்தனர்.

அதே சீகன்பால்கு, தான் திரட்டிய தமிழ் நூல்களுக்கு 1708இல் பட்டியல் எழுதினார், 119 நூல்கள். தமிழ்நாட்டுத் தெய்வங்கள் பற்றி 1713இல் அவர் எழுதி அனுப்பிய நூலைச் செருமனியில் இருந்த அவர் தலைவர்கள் அச்சிட மறுத்தனர். ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1867இல்தான், அது சென்னையில் அச்சேறியது. மதகைத் தாழிடும் கை எல்லா நாட்டிலும் உண்டு. தன் ஆள் எழுதினாலும், தனக்கு ஒவ்வாதது பாயக்கூடாது என்று அது தாழிடும்.

அப்படியானால் நாம் செய்யத்தக்கது யாது?

நீடாமங்கலமே விடை தருகிறது. 1937 டிசம்பரில், அவ்வூரில் நடந்த அரசியல் மாநாடொன்றின் சமபந்தி விருந்திலே ஆதிதிராவிடத் தோழர்கள் உட்கார்ந்து உண்டார்கள். உண்ட குற்றத்திற்காகப் பிடித்து அடிக்கப்பட்டார்கள், தலை மழிக்கப்பட்டார்கள், சாணிப்பால் புகட்டப்பட்டார்கள். வெள்ளையனும் தமிழனும் சந்தித்த 'முதற் சந்திப்பு' பற்றி நூற்றுக்கணக்கான நூல்கள் உண்டு. தமிழனும் தமிழனும் ஒரே வரிசையில் இலை போட்டு உட்கார்ந்த சந்திப்புக்கு, இந்த மண் தந்த பரிசு இது! 'விடுதலை' ஏடு அதை வெளியிட்டது. அதற்காக வழக்கையும் ஏற்றது. எழுதப்பட்டதால்தான் அது அழியவில்லை. எழுதப்படாமற் போயிருந்தால், 1659இல் கடற்கரை நோக்கி நடந்தவர்களைப் போலவே அவர்களும் பெயரற்றுப் போயிருப்பர்.

ஆகவே படிப்பகத் தோழர்களுக்கு நம் வேண்டுகோள் இது. பொன்னேட்டைப் படியுங்கள், செப்பேட்டைப் படியுங்கள், அவற்றின் எழுத்தழகைப் போற்றுங்கள். ஆனால் எந்தப் பழம்பொருளின் முன்னும் கைகூப்பி நிற்காதீர்கள். கற்சிலையின் முன் கூப்பாத கை, காட்சிச் சாலைக் கண்ணாடியின் முன் கூப்பலாமா? மூன்று கேள்வி கேளுங்கள். செய்த கை எது? செலவை ஈடுசெய்த உழைப்பு எது? சொல்லாமல் விட்ட பெயர் எது?

ஊருக்குத் திரும்பித் தேடுங்கள். பரணிலே கிடக்கும் பண்ணைக் கணக்கு, கைநாட்டு வைத்த கடன் பத்திரம், மலாயா சென்றவர் எழுதிய மடல், தேய்ந்த கருக்கரிவாள், பாட்டி அளந்த மரக்கால் ஆகியவற்றைத் திரட்டுங்கள். யாருடையது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதி வையுங்கள். முதியோர் வாயிலிருந்து வரும் பெயர்களை எழுதி வையுங்கள். பொன் தேவையில்லை, நாற்பது பக்க நோட்டு போதும்.

அந்த முதியவரிடம் மறுமுறை பெயர் கேட்க எண்ணியிருக்கிறோம். அன்று கேட்க மறந்தோம். பெயரற்றோர் பற்றி இவ்வளவு எழுதும் நாமே அந்தத் தவற்றைச் செய்தோம் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறோம். தலைப்பிலே தண்ணீர் திறக்கும் நாளில் அவர் அங்கே நிற்பார் என்று சொன்னார்கள். செல்வோம், நோட்டுப் புத்தகத்தோடு.